தொலைநோக்கியைத் திருப்பினால் நிற்கிறதா?

வேற்றுக் கிரகத்து அறிவுயிர்களின் சிக்னலை எப்படித் தேடுகிறார்கள்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாராவது உட்கார்ந்து கேட்கிறார்களா? ஏதாவது வந்தால் அது இயற்கையா செயற்கையா என்று எப்படித் தெரியும்? 60 வருஷத்துக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை என்றால் யாருமே இல்லை என்றுதானே அர்த்தம்? கேட்கப்பட்டிருப்பது இவ்வளவும். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

ஹெட்போனை முதலில் கழற்றி வைத்துவிடலாம். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1960 ஏப்ரலில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் பிராங்க் டிரேக் என்ற வானியலாளர் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி ஒன்றை டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். இரண்டும் நமக்குப் பத்துப் பன்னிரண்டு ஒளியாண்டு தொலைவில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரு ஒலிபெருக்கி, காகிதத்தில் கோடு கிழிக்கும் ஒரு கருவி, ஒரே நேரத்தில் ஒரே ஒரு அலைவரிசையை மட்டும் கேட்கக்கூடிய ரிசீவர். அதன் அகலம் 100 ஹெர்ட்ஸ். அதை மெல்ல நகர்த்தி நகர்த்திக் கேட்டார்கள். திட்டத்தின் பெயர் ஓஸ்மா. இன்றைய கருவிகள் ஒரே சமயத்தில் பல நூறு கோடி அலைவரிசைகளைப் பிரித்துப் பார்க்கின்றன. அவ்வளவையும் கேட்கக் காது போதாது, எல்லாம் கணினி வேலை.

ஏன் ரேடியோ? விண்வெளி முழுக்கத் தூசு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது மறைத்துவிடும். ரேடியோ அலை அதை ஊடுருவி வந்துவிடும். அதிலும் 1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 10 கிகாஹெர்ட்ஸ் வரை ஓர் அமைதியான ஜன்னல் உண்டு. அதற்குக் கீழே போனால் பால்வெளி மண்டலமே இரைகிறது. மேலே போனால் நம் காற்றில் உள்ள நீராவியும் ஆக்சிஜனும் குறுக்கே நிற்கின்றன. இடையில் உள்ள பகுதியில் கேட்பது பெரும்பாலும் பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் மட்டும்தான், அதுவும் மூன்று கெல்வினுக்கும் குறைவு.

சரி, அந்த ஜன்னலுக்குள் எங்கே என்று தேடுவது? 1959 செப்டம்பரில் ஜுசெப்பே கோக்கோனி, பிலிப் மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு யோசனை சொன்னார்கள். பிரபஞ்சத்தில் மிக அதிகமாக இருப்பது ஹைட்ரஜன். அது தானாகவே 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், ரேடியோ அலையை வெளியிடுகிறது. வானியல் தெரிந்த எவருக்கும் இந்த எண் தெரிந்திருக்கும். இரண்டு பேர் முன்பின் பேசிக்கொள்ளாமல் ஒரு பெரிய ஊரில் சந்திக்க வேண்டுமென்றால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில்தானே போய் நிற்பார்கள்? அந்த மாதிரி இது. டிரேக் இதே அலைவரிசையைத் தானாகவே தேர்ந்தெடுத்திருந்தார். பிறகு, ஹைட்ரஜனின் 1420-க்கும் ஹைட்ராக்சில் மூலக்கூறின் 1660-சொச்சத்துக்கும் நடுவில் உள்ள பகுதிக்கு பெர்னார்ட் ஆலிவர் 'நீர்நிலை' என்று பெயர் வைத்தார். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். விலங்குகள் தண்ணீர்த் துறையில் கூடுவதுபோல நாகரிகங்களும் கூடலாம் என்று. அழகான பெயர்தான். ஆனால் இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அடுத்தவர் எதை முக்கியமாக நினைப்பார் என்று நாமாக ஊகிக்கிற வேலை அது. இப்போது கருவிகள் வளர்ந்துவிட்டதால் முழு ஜன்னலையும் அலசிவிடுகிறார்கள், ஊகத்துக்கு அவசியம் குறைந்துவிட்டது.

இனிதான் விஷயமே. இயற்கை எழுப்பும் ரேடியோ இரைச்சலுக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரின் ஒலிக்கும் என்ன வித்தியாசம்? அகலம். நட்சத்திரம், வாயு மேகம், கருந்துளை எல்லாமே பரவலான அலைவரிசையில் இரைபவை. கோடிக்கணக்கான அணுக்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் அவற்றின் அலைகளும் சிதறிப் பரவிவிடும். இயற்கையில் மிகக் குறுகலாக வருபவை மேசர்கள், அதாவது விண்வெளி வாயு மேகங்கள் லேசர்போலப் பெருக்கி அனுப்பும் ரேடியோ அலைகள். அவையே சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். ஆனால் நாம் செய்கிற ஒரு சாதாரண டிரான்ஸ்மிட்டர் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் தன் சக்தி முழுவதையும் திணிக்க முடியும். ஆகவே ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு கோடு தெரிந்தால், அதை யாரோ ஒரு கருவியைக் கொண்டு செய்திருக்கிறார்கள். அந்த யாரோ நாமாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல், அதற்கு வருகிறேன்.

இந்தக் குறுகலால் இன்னொரு லாபம். சக்தி ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் இரைச்சலுக்கு மேலே தலை நீட்டும். வாயேஜர் 1 விண்கலத்தின் டிரான்ஸ்மிட்டர் சுமார் 20 வாட், ஒரு பல்பு அளவு. அது சூரியனிலிருந்து புளூட்டோவைவிட வெகு தொலைவில் போய்விட்டது. கிரீன் பேங்கின் 100 மீட்டர் தொலைநோக்கியை அதை நோக்கித் திருப்பினால் 8.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நடுவில் ஒரு கூர்மையான கோடும் இருபுறமும் துணைக் கோடுகளும் பளிச்சென்று தெரிகின்றன. தேடும் மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இப்போதைக்கு நம் கையில் இருக்கும் 'வேற்றுலக' டிரான்ஸ்மிட்டர் இந்த மாதிரிதான். நாம் அனுப்பியதுதான்.

குறுகலான கோடு கிடைத்ததும் அடுத்து பார்ப்பது, அது நகர்கிறதா என்று. ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஹார்ன் சத்தத்தின் சுருதி இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவு. பூமி சுழல்கிறது, தொலைநோக்கியும் கூடவே சுழல்கிறது. அதனால் வானத்தில் எங்கோ இருந்து வருகிற சிக்னலின் அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே போகும். 1420 மெகாஹெர்ட்ஸில் பூமியின் சுழற்சியால் மட்டும் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 0.16 ஹெர்ட்ஸ் வரை நகரும். அனுப்புகிறவர்களின் கிரகமும் சுழலும், தன் சூரியனைச் சுற்றும், அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் பூமியிலேயே நட்டு வைத்த ஒரு டவரிலிருந்து வரும் சிக்னல் இப்படி நகராது, ஏனென்றால் டவரும் தொலைநோக்கியும் ஒன்றாகவே சுழல்கின்றன. ஆக, நகராமல் அசையாமல் ஒரு கோடு நின்றால் அது நம்மூர்ச் சரக்கு, தூக்கிப் போட்டுவிடலாம். பார்க்க எளிய சோதனையாகத் தெரியும், ஆனால் கணினிக்கு முதுகு ஒடிகிற வேலை. எவ்வளவு வேகத்தில் நகரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே சாத்தியமான ஒவ்வொரு சாய்வையும் எடுத்து, அந்தச் சாய்வில் உள்ள புள்ளிகளையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு அலைவரிசைக்கும்.

இந்தக் கணக்கு வேலையைத்தான் 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் (செட்டி என்பது வேற்றுலக அறிவுயிர்த் தேடலுக்கான ஆங்கிலச் சுருக்கம்) சாமானியர்களின் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியில் பதிவானதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்புவார்கள். நாம் கணினியைச் சும்மா விட்டிருக்கும்போது திரையில் வண்ண வண்ணக் கோபுரங்களாக அந்தக் கணக்கு ஓடும். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட விட்டார்கள், நானும் ஒருவன். 2020 மார்ச்சில் புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள்.

சரி, குறுகலாக இருக்கிறது, நகரவும் செய்கிறது. செயற்கைக்கோளும் அப்படித்தான் செய்யும், விமானமும்தான். எனவே மூன்றாவது சோதனை, என் கண்ணுக்கு இந்தத் துறையிலேயே மிகச் சிறந்த தந்திரம்: தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பிவிடுவது. நட்சத்திரத்தை ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் வேறொன்றை ஐந்து நிமிடம். மறுபடி அதே நட்சத்திரம். மறுபடி இன்னொன்று. இப்படி ஆறு முறை. நட்சத்திரத்தைப் பார்க்கும் மூன்று முறையும் சிக்னல் இருந்து, விலகிய மூன்று முறையும் காணாமல் போனால்தான் மேற்கொண்டு பேச்சு. பூமியின் சிக்னல் எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கவாட்டில் கசிந்து வரும். அது இந்தச் சல்லடையில் மாட்டிக்கொள்ளும். 2015-இல் யூரி மில்னர் என்ற கோடீஸ்வரரின் 10 கோடி டாலர் நிதியில் தொடங்கிய பிரேக்த்ரூ லிசன் திட்டம் இந்த முறையில்தான் கிரீன் பேங்கிலும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸிலும் வேலை செய்தது. இதற்கு மூதாதையும் டிரேக்தான். ஓஸ்மாவில் எப்சிலான் எரிடானி பக்கம் திருப்பிய கொஞ்ச நேரத்திலேயே பலமான துடிப்புகள் கேட்டன. தொலைநோக்கியை விலக்கினார், நின்றது. திரும்ப வைத்தார், வரவில்லை. சில நாள் கழித்து மறுபடி வந்தபோது தனியாக வைத்திருந்த ஒரு சின்ன ஆண்டெனாவிலும் அது கேட்டது. நட்சத்திரத்திலிருந்து வந்தால் அந்தக் குட்டி ஆண்டெனாவுக்கு எட்டியிருக்காது. பறந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றின் வேலை.

இந்தச் சல்லடையையும் தாண்டி ஒன்று வந்தது. 2019 ஏப்ரல், மே மாதங்களில் பார்க்ஸ் தொலைநோக்கி நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவுகளை அடுத்த வருஷம் அலசியபோது 982.002 மெகாஹெர்ட்ஸில் ஒரு கோடு. குறுகல். நகர்கிறது. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது மட்டும் இருக்கிறது. அதுவும் மணிக்கணக்காக. பி.எல்.சி.1 என்று பெயர் வைத்தார்கள், செய்தி 2020 டிசம்பரில் கசிந்து உலகம் முழுக்கப் பரபரத்தது. 2021 அக்டோபரில் சோஃபியா ஷேக் தலைமையிலான குழு முடிவை வெளியிட்டது: நம்முடைய குறுக்கீடுதான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். அதே பதிவுகளில் வேறு அலைவரிசைகளில் தேடியபோது இதே மாதிரி நகரும் கோடுகள் அறுபது கிடைத்தன. அவற்றின் இடைவெளிகள் மின்னணுச் சாதனங்களில் இருக்கும் கடிகாரக் குவார்ட்ஸின் அலைவரிசைகளோடு பொருந்தின. அந்த அறுபதில் பல, தொலைநோக்கி விலகியபோதும் இருந்தன. பி.எல்.சி.1 மட்டும் தற்செயலாக நட்சத்திரத்தைப் பார்த்த நேரங்களோடு ஒத்துப்போயிருக்கிறது. லட்சக்கணக்கான கோடுகளை அலசினால் ஒன்றிரண்டுக்கு இந்த அதிர்ஷ்டம் அடிக்கத்தான் செய்யும்.

பார்க்ஸிலேயே இன்னொரு கதை உண்டு. 1998 முதல் அவ்வப்போது அங்கே விநாடியில் ஒரு பங்கு நீளத்தில் விநோதத் துடிப்புகள் பதிவாகிவந்தன. 'பெரிட்டான்' என்று ஒரு கற்பனை மிருகத்தின் பெயர் வைத்திருந்தார்கள். 2015-இல் எமிலி பெட்ராஃப் குழுவினர் ஆளைப் பிடித்தார்கள். அதே வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. நேரம் முடியும்வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறந்தால் அணையும் தறுவாயில் ஒரு துடிப்பு வெளியே வந்துவிடும். செட்டி தேடலில் வந்ததல்ல இது, என்றாலும் இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கதை. இப்படிப்பட்ட தேடலில் கேட்பது சின்ன வேலை, கேட்டதில் நம் குரல் எது என்று பிரித்துத் தள்ளுவதுதான் முக்கால்வாசி வேலை. வருஷா வருஷம் செயற்கைக்கோள்கள் பெருகுவதால் அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. நிலவின் மறுபக்கத்தில் தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று சிலர் பேசுவது அதனால்தான்; அங்கே பூமியின் ஒரு முணுமுணுப்புகூட எட்டாது.

இதற்கு இன்னொரு வழி, இரண்டு தொலைநோக்கிகளை வெகு தொலைவில் வைத்து ஒரே நேரத்தில் ஒரே நட்சத்திரத்தைப் பார்ப்பது. உள்ளூர்க் குறுக்கீடு ஒன்றில்தான் இருக்கும். உண்மையான சிக்னல் இரண்டிலும் இருக்கும். இரண்டு இடங்களும் சுழலும் வேகம் வேறு என்பதால் இரண்டிலும் நகர்வு சற்றே வேறாக, கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய அளவில் வேறாக இருக்கும். 1995 முதல் 2004 வரை நடந்த ஃபீனிக்ஸ் திட்டம் இப்படி 800 நட்சத்திரங்களைப் பார்த்தது. நாசா 1992 அக்டோபரில் ஆரம்பித்த தேடலுக்கு அடுத்த வருஷமே அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்திவிட்டது. அதன் சாம்பலிலிருந்து தனியார் நன்கொடையில் எழுந்தது என்பதால்தான் அந்தப் பெயர்.

'வாவ்' சிக்னலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். 1977 ஆகஸ்ட் 15, ஓஹியோவின் பிக் இயர் தொலைநோக்கி. கணினி அச்சிட்ட காகிதத்தில் 6EQUJ5 என்று ஆறு எழுத்துகள். அது ரகசியச் செய்தி என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை சிக்னலின் பலத்தை ஒரே எழுத்தில் அச்சிட, 9-க்கு மேல் போனால் ஆங்கில எழுத்து வரிசைக்குத் தாவிவிடுவார்கள். யூ என்றால் பின்னணி இரைச்சலைப் போல முப்பது மடங்கு. ஏறி, உச்சம் தொட்டு, இறங்கி, 72 விநாடியில் முடிந்தது. பூமி சுழலும்போது வானத்தில் நிலையாக இருக்கும் ஒரு புள்ளி அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க ஆகும் நேரமும் அதேதான். சில நாள் கழித்துக் காகிதங்களைப் புரட்டிய ஜெர்ரி ஏமன் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார். ஆனால் அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு 'கண்கள்'. சில நிமிட இடைவெளியில் இரண்டிலும் வந்திருக்க வேண்டும், ஒன்றில்தான் வந்தது. அலைவரிசைப் பட்டை ஒவ்வொன்றும் 10,000 ஹெர்ட்ஸ் அகலம் என்பதால் சிக்னல் உண்மையில் எவ்வளவு குறுகல் என்றும் சொல்ல வழியில்லை. பிறகு பலமுறை அதே இடத்தைப் பார்த்தார்கள், எதுவும் இல்லை. நான் அதை 'தீர்க்கப்படாத வழக்கு' என்ற அடுக்கில் வைத்திருக்கிறேன், 'ஆதாரம்' என்ற அடுக்கில் அல்ல.

ரேடியோ தவிர? லேசர். 1961-லேயே லேசரின் முன்னோடியான சார்லஸ் டவுன்ஸ், ராபர்ட் ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து இதைச் சொல்லிவிட்டார். பெரிய லேசரைப் பெரிய ஆடி வழியாக அனுப்பினால், ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு அது தன் சூரியனையே மிஞ்சி ஒளிரும். அவ்வளவு குறுகிய நேரத்தில் அப்படி மின்னும் இயற்கைப் பொருள் எதையும் நாம் அறியோம். இரண்டு உணரிகளை வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் ஒளியைப் பார்த்தால் மட்டும் பதிவு செய்வார்கள். இதில் ஒரு வசதி, பூமியில் யாரும் வானத்தை நோக்கி இப்படி லேசர் அடித்துக்கொண்டிருப்பது அபூர்வம், ஆகவே குறுக்கீடு குறைவு. குறை, முன்பே சொன்ன தூசு. தவிர, லேசர் கற்றை மிக ஒல்லி. அவர்கள் குறிபார்த்து நம்மை நோக்கியே அடிக்க வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: அவர்கள் பேச வேண்டும், அல்லது நம் பக்கம் பலமாகக் கசிய வேண்டும். பேச விருப்பமே இல்லாதவர்களை எப்படிப் பிடிப்பது? 1960-இல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாகரிகம் தன் சூரியனின் ஆற்றலைப் பெருமளவில் பயன்படுத்துகிறது என்றால், பயன்படுத்திய ஆற்றல் கடைசியில் வெப்பமாக வெளியே போயாக வேண்டும். வெப்ப இயக்கவியலை ஏமாற்ற யாராலும் முடியாது, எவ்வளவு முன்னேறியவர்களாக இருந்தாலும். ஆகவே கண்ணுக்கு மங்கலாகவும் அகச்சிவப்பில் அளவுக்கு மீறிப் பிரகாசமாகவும் இருக்கும் நட்சத்திரத்தைத் தேடு. வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளை வைத்து வானியலாளர் ஜேசன் ரைட் குழுவினர் இப்படி ஒரு லட்சம் விண்மீன் மண்டலங்களைப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். தன் நட்சத்திரங்களின் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கும் நாகரிகம் எதிலும் தென்படவில்லை. 2024-இல் வேறொரு குழு 50 லட்சம் நட்சத்திரங்களைச் சலித்து ஏழு மட்டும் மிச்சம் என்றது. அந்த ஏழில் மூன்றுக்குப் பக்கத்திலேயே ரேடியோ மூலங்கள் இருப்பதை வேறு சிலர் உடனே காட்டினார்கள். பின்னால் வெகு தொலைவில் தூசு மூடிய விண்மீன் மண்டலம் ஒன்று ஒளிந்திருந்தால் அப்படித்தான் தெரியும். இங்கே குறுக்கீடு செய்வது மனிதன் அல்ல, தூசு. 22 சதவீதம் வரை மங்கிப் பரபரப்பூட்டிய கேஐசி 8462852 நட்சத்திரத்திலும் கடைசியில் தூசு என்றே ஆனது. நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் மறைந்தது. கெட்டியான கட்டுமானம் என்றால் எல்லா நிறமும் ஒரே அளவில் மறைந்திருக்கும்.

இப்போது கடைசிக் கேள்வி. 60 வருஷத்துக்கு மேல் தேடியாகிவிட்டதே? வருஷக் கணக்கு இங்கே ஏமாற்றும். தேட வேண்டியது எந்தத் திசை என்பதை மட்டுமல்ல. எந்த அலைவரிசை, எவ்வளவு பலவீனமான சிக்னல் வரை, எந்த நேரத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த வகைச் சிக்னல் என்று அத்தனையையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தேடலில் மூத்தவரான ஜில் டார்ட்டர் ஒரு உவமை சொன்னார்: உலகக் கடல்கள் மொத்தத்திலும் ஒரு தம்ளர் தண்ணீரை மொண்டு பார்த்ததுபோல என்று. 2018-இல் ரைட்டும் இரண்டு மாணவர்களும் கணக்குப் போட்டுத் திருத்தினார்கள்: தம்ளர் இல்லை, ஒரு சின்ன நீச்சல் குளம் அளவு. முன்னேற்றம்தான். தம்ளரில் மீன் இல்லை என்பதால் கடலில் மீன் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதற்காக, எதுவுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். அருகிலுள்ள ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களில் எதிலிருந்தும், நாம் பார்த்த நேரத்தில், நாம் பார்த்த அலைவரிசையில், அரசிபோவின் ரேடார் அளவுக்குப் பலமான சிக்னல் நம் பக்கம் வந்துகொண்டிருக்கவில்லை. இது உருப்படியான தகவல். ஆனால் நம்முடைய டிவி ஒளிபரப்பு அளவுக்குத்தான் கசிவு என்றால், பிராக்சிமாவிலேயே ஒரு நாகரிகம் இருந்தாலும் இன்றைய தொலைநோக்கிகளுக்கு அது எட்டாது. நம்மைப் போன்றவர்களையே நம்மால் இன்னும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இப்போதைய தேடல், நம்மைவிட மிகவும் சத்தமானவர்களுக்கான தேடல்.

நாளைக்கே ஒன்று கிடைத்தால்? 1989-இல் இதற்கென ஒரு நெறிமுறை எழுதிவைத்திருக்கிறார்கள்: முதலில் நீங்களே எல்லா வழியிலும் பொய்யாக்கப் பாருங்கள், பிறகு வேறு ஆய்வகங்களிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள், உறுதியான பிறகு எல்லாருக்கும் வெளிப்படையாக அறிவியுங்கள், உலக அளவில் கலந்து பேசாமல் பதில் அனுப்பாதீர்கள். சட்டம் அல்ல, ஒப்புக்கொண்ட ஒழுக்கம். நடைமுறையில் ரகசியம் காக்கவும் முடியாது. சரிபார்க்க வேண்டுமானால் பூமியின் மறுபக்கத்தில் உள்ள இன்னொரு தொலைநோக்கிக்கு உடனே போன் போட்டாக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரத்தில் அந்த நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் போனை எடுப்பதற்கு முன்னால் அறையில் இருப்பவர் செய்வது வேறு: தொலைநோக்கியை நட்சத்திரத்திலிருந்து விலக்கிவிட்டு, திரையில் கோடு மறைகிறதா என்று பார்ப்பார். அதற்கும் முன்னால் யாராவது ஒருவர் சமையலறைக்குப் போய் மைக்ரோவேவ் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார் என்று நினைக்கிறேன்.